காய்கறி வாங்கிய போர்க்கப்பல்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் ஒர்க்‌ஷாப் வாசலில் வைத்து என்னைப் பிடித்தார். "கவிதை மட்டும் வேணாம்டா. வந்த கவிதையில பாதி அம்மா, மீதி காதல். உருப்படியா ஒரு கட்டுரை குடு" என்றார். எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் ஒரு போர்க்கப்பலைப் பற்றியது. சொன்னேன். "திண்டுக்கல்லுல ஏதுடா கப்பல்?" என்று சிரித்தார். வாஸ்தவம்தான். நம் ஊரில் பூட்டு உண்டு, பிரியாணி உண்டு, மலைக்கோட்டை உண்டு. கடல் மட்டும் இல்லை. நானே கடலை ஒரே ஒரு முறை, ராமேஸ்வரத்தில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது பார்த்ததோடு சரி. இருந்தாலும் எழுதுகிறேன். வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கப்பல் எனக்கு அறிமுகமானது ஒரு அரியரால். போன செமஸ்டரில் தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் கோட்டை விட்டேன். பாய்லரும் டர்பைனும் என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். அம்மா கைநாட்டு. "எஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அவர்களிடம் "ஃபெயில்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரை எல்லோரும் நேவித் தாத்தா என்போம். 1974-ல் கடற்படையில் சேர்ந்து, எஞ்சின் ரூமில் பதினைந்து வருடம் வெந்து வந்தவர். பாய்லர் புரியவில்லை என்று அவரிடம் போய் நின்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு கப்பலை வரைந்தார். "இதுதான் ராஜ்புத். நான் இதுல வேலை பாத்ததில்லை. நான் சேந்த ரெண்டு வருசத்துல இதை ஓரங்கட்டிட்டாங்க. ஆனா இது கதையைக் கேக்காம நேவியில யாரும் சோறு திங்க முடியாது" என்றார்.

ராஜ்புத் ஒரு டெஸ்ட்ராயர். தமிழில் நாசகாரிக் கப்பல் என்று எழுதுகிறார்கள். பெரிய கப்பல்களுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே, நீர்மூழ்கிகள் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கியமான வேலை. அளவில் சிறிசு, வேகத்தில் பெரிசு. இது 1942-ல் ஸ்காட்லாந்தின் கிளைட் பேங்கில் ஜான் பிரவுன் கம்பெனி கட்டியது. குயின் மேரி என்ற புகழ்பெற்ற பயணிகள் கப்பலைக் கட்டியதும் அதே கம்பெனிதான். பிறக்கும்போது இதன் பெயர் ராஜ்புத் அல்ல, ராதர்ஹாம். இங்கிலாந்தில் இரும்பு உருக்கும் ஊர் ஒன்றின் பெயர் அது.

நீளம் சுமார் 109 மீட்டர். நம் மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுவார்களே, அதைவிடக் கொஞ்சம் நீளம். சக்தி 40,000 குதிரைத்திறன். நம் லேபில் இருப்பது 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். அதைப் போல 8,000 எஞ்சினை வரிசையாக நிறுத்த வேண்டும். எண்ணெயை எரித்து, குழாய்களில் ஓடும் தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியை டர்பைன் இறக்கைகள் மேல் பாய்ச்சினால் டர்பைன் சுற்றும். டர்பைனுக்கு வேகமாகச் சுற்றினால்தான் லாபம். புரொப்பெல்லருக்கோ அவ்வளவு வேகம் ஆகாது. சுற்றியிருக்கும் தண்ணீரில் குமிழி கட்டி, தள்ளும் பலம் போய்விடும். அதனால் நடுவில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். மூன்று மாதமாகப் புத்தகத்தில் புரியாதது, சாக்பீஸ் கோட்டில் அரை மணி நேரத்தில் புரிந்தது. கப்பலின் உச்ச வேகம் மணிக்கு 36 கடல் மைல், அதாவது சுமார் 67 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இருந்து அரை மணி நேரத்தில் ஒட்டன்சத்திரம் போய்விடலாம், நடுவில் கடல் இருந்தால்!

இரண்டாம் உலகப் போரில் ராதர்ஹாம் நம் பக்கத்துக் கடலில்தான் அலைந்தது. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்து, 1944 ஏப்ரலில் சுமத்ராவில் ஜப்பானியர் வசம் இருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனது. 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்தபோது சிங்கப்பூரில் நின்றது. அங்கே கடற்படைத் தளத்தின் சரணாகதியை ஏற்றுக்கொண்டவர் இந்தக் கப்பலின் கேப்டன்தான். அந்தத் தளத்தின் வாசல் ஒன்றுக்கே ராதர்ஹாம் கேட் என்று பெயர் வைத்தார்கள். 1949-ல் இந்தியா இதை வாங்கியது. கூடவே ரஞ்சித், ராணா என்று இரண்டு தங்கைகளும் வந்தன. 1961-ல் கோவா விடுதலையின்போது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்குத் துணையாகப் போனது ராஜ்புத்.

இதெல்லாம் முன்கதை. நிஜக் கதை 1971-ல் நடக்கிறது.

அப்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர், நம் ஆள். கிழக்குப் பாகிஸ்தானில் போர் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் இருந்த துருப்புச்சீட்டு விக்ராந்த். ஆனால் விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. (தெர்மல் இன்ஜினியரிங் எனக்கு மட்டும் சோதனை கொடுக்கவில்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.) மெதுவாகப் போகும் பெரிய கப்பல் என்றால் நீர்மூழ்கிக்குத் தலைவாழை விருந்து.

பாகிஸ்தானிடம் அவ்வளவு தூரம் வரக்கூடிய நீர்மூழ்கி ஒன்றுதான் இருந்தது, காஸி. அதுவும் பழசுதான். 1944-ல் அமெரிக்காவில் டயாப்லோ என்ற பெயரில் கடலில் இறங்கி, 1964-ல் பாகிஸ்தான் கடற்படைக்கு வந்தது. 1971 நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியில் புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது.

அது வருவது நம்மவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சிட்டகாங்குக்குப் போன ஒரு ரேடியோச் செய்தியை ஒட்டுக்கேட்டார்கள். அதில் ஒரு மசகு எண்ணெயைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அந்த வகை எண்ணெயை நீர்மூழ்கியிலும் கண்ணிவெடி அகற்றும் கப்பலிலும் மட்டும்தான் போடுவார்கள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. ஆயிலைக் கேட்டதால் ஆள் மாட்டிக்கொண்டது.

கிருஷ்ணன் அதே வித்தையைத் திருப்பி விட்டார். விக்ராந்தை ஓசைப்படாமல் அந்தமானில் ஆளரவம் இல்லாத ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்குப் போர்ட் எக்ஸ்ரே என்று ரகசியப் பெயர். விக்ராந்த் இன்னும் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்ப வேண்டும். அதற்கு வேஷம் கட்ட ஒரு கப்பல் வேண்டும். கைவசம் இருந்தது ராஜ்புத், அதுவும் ரிட்டயர்மென்டுக்குக் காத்திருந்த கிழம். கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். அவரைக் கூப்பிட்டு, விசாகப்பட்டினத்தில் இருந்து 160 மைல் தள்ளிப் போய் நின்று, விக்ராந்த் பேசுவது போல ரேடியோவில் ஓயாமல் பேசு என்றார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் கப்பல் எவ்வளவு பேசுமோ அவ்வளவு பேச வேண்டும். இன்னொரு வேலையும் செய்தார்கள். விக்ராந்தின் மாலுமி ஒருவர் தன் தாயார் உடம்பு மோசமாக இருப்பதாகக் கேள்விப்பட்டு நலம் விசாரிப்பது போல, சாதாரணத் தந்தி ஒன்று போனது. ரகசியக் குறியீடு கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்பதுதானே ஆசை!

இதற்கெல்லாம் மேலே, விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஆர்டர் போட்டார்கள். கான்ட்ராக்டர் நாலு பேரிடம் பேசுவார், நாலு பேர் நாற்பது பேரிடம் பேசுவார்கள், பேச்சு போக வேண்டிய காதுக்குப் போய்ச் சேரும். கிருஷ்ணன் பிற்பாடு எழுதிய 'நோ வே பட் சரண்டர்' என்ற புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. நேவித் தாத்தா அதை எனக்குக் கொடுத்தார். பக்கத்துக்குப் பத்து வார்த்தைக்கு டிக்ஷனரியைப் புரட்டிப் புரட்டிப் படித்தேன்.

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. லோடு ஏற்றி முடித்து, விடியற்காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது கதையைச் சொன்னேன். காய்கறி ஆர்டர் என்றதும் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை பேரு அந்தக் கப்பல்ல?"

"ஆயிரத்துக்கு மேலப்பா."

"ஆளுக்கு நாளைக்குக் கால் கிலோ காய்னு வையி. ஆயிரம் பேருக்கு எரநூத்தம்பது கிலோ. பத்து நாளைக்கு ரெண்டரை டன்னு. அம்பது மூட்டை." கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். "ஒரே ஆளு திடுதிப்புனு அம்பது மூட்டை எடுத்தா அன்னிக்கு வெலை ஏறும்டா. வெலை ஏறினா ஊருக்கே தெரியும். ஓணம் வருதுன்னு எங்களுக்குக் காலண்டரா சொல்லுது? வர்ற லாரிய வச்சுத்தான் சொல்லுவோம். எவன்டா அந்தக் கிருஷ்ணன், பெரிய எம்டனா இருப்பான் போலருக்கே!"

அப்பாவுக்குக் கெட்டிக்காரன் என்றால் எம்டன்தான். அது 1914 செப்டம்பர் 22 அன்று ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் என்று அவருக்குத் தெரியாது. அந்த எம்டனும் வேஷக்காரக் கப்பல்தான். மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி ஊரை ஏமாற்றியது. அதைச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

சிரித்து முடித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவுகளுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையே."

"என்னப்பா?"

"ஐ.வி.க்கு மெட்ராஸ் போறேன்னு ஆயிரத்து ஐநூறு வாங்குனியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்ன பொய் இதுதான். கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்லிப் பணம் வாங்கி, அரியர் பீஸ் கட்டினேன். மீதியை டியூஷனுக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் நண்பன் வீட்டில் ஒளிந்திருந்தேன். பட்டறைத் தாத்தாவிடம் போனதெல்லாம் அந்த டியூஷனிலும் ஒன்றும் புரியாமல் போன பிறகுதான்.

"மெட்ராஸ் போறவன் பை எடுக்கலை. அந்து கெடந்த செருப்பைத் தைக்கலை. கட்டுச்சோறு கட்டித் தரவான்னு ஒங்கம்மா கேட்டதுக்கு வேணாம்னுட்ட. காசு மட்டும் கேட்ட. கப்பல்காரன் பொய்க்குக்கூடக் காய்கறி வாங்கியிருக்கான். நீ ஒரு எலுமிச்சஞ்சோறுகூட வாங்கலை."

"அப்பவே தெரியுமாப்பா?"

"அன்னிக்கே தெரியும்."

"ஏன்பா கேக்கலை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அதுக்குத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "எந்தப் பாடம்?" என்றார். சொன்னேன். "நீராவியா? ரைஸ்மில்லுல இருக்குமே அதா?" என்றார். "அதுதான்பா" என்றேன். அந்த ஆயிரத்து ஐநூறுக்காக அவர் அந்த வாரம் மூன்று ராத்திரி கூடுதலாக லோடு ஏற்றினார் என்பது எனக்குத் தெரியும். வாங்கும்போதும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. "சரி, சண்டை என்னாச்சு, அதைச் சொல்லு" என்றார்.

தொண்டையைச் சரி செய்துகொண்டு சொன்னேன். காஸி நம்பிவிட்டது. விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கே வந்து காத்திருந்தது. 1971 டிசம்பர் 3 மாலை மேற்கே பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட, போர் ஆரம்பமானது. வேஷம் முடிந்து எண்ணெய் நிரப்பத் திரும்பியிருந்த ராஜ்புத், அன்று நள்ளிரவை ஒட்டி விளக்குகளை அணைத்துக்கொண்டு மறுபடி கிளம்பியது. நீர்மூழ்கி வாசலிலேயே இருந்தால் என்ன செய்வது என்று இந்தர் சிங்குக்கு ஒரு யோசனை. துறைமுகப் பைலட்டை இறக்கிவிட்டதும் வேகத்தை முழுசாக ஏற்றினார். வலப்பக்கம் தண்ணீர் கலங்குவதாகக் காவலுக்கு நின்ற மாலுமி கத்தினார். கப்பல் திரும்பி இரண்டு டெப்த் சார்ஜுகளைப் போட்டது.

டெப்த் சார்ஜ் என்பது வெடிமருந்து அடைத்த ஒரு டிரம்தான். தண்ணீரில் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிக்கிறோமே, அந்தக் கணக்குதான் அதற்குத் திரி. எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டுமோ அந்த அழுத்தத்துக்கு அதை முன்கூட்டியே திருகி வைத்துவிடுவார்கள். வெடித்தது. ராஜ்புத்தே குலுங்கியது. வேறொன்றும் தெரியவில்லை. கப்பல் தன் வழியே போய்விட்டது. நள்ளிரவு கழிந்து கொஞ்ச நேரத்தில் கடலுக்குள் பெரிய வெடி ஒன்று கேட்டு, கரையில் வீடுகளின் கண்ணாடிகள் அதிர்ந்தன. காலையில் மீனவர்கள் சில உடைந்த பொருள்களைக் கடற்படையிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கீழே காஸி கிடந்தது. அதே டிசம்பர் 4-ல் அந்தமான் பக்கம் இருந்து கிளம்பிய விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

"அப்ப இந்தக் கெழட்டுக் கப்பல்தான் அடிச்சதா?" என்றார் அப்பா.

இங்கேதான் நான் தடுமாறினேன். ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால், ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். கிருஷ்ணன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளவில்லை. காஸி தான் விதைத்த கண்ணிவெடியிலேயே மாட்டியது, அல்லது உள்ளே ஏதோ வெடித்தது என்பது அவர்கள் கட்சி. நம் பக்கத்திலேயே ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நீர்மூழ்கியில் பெரிய பெரிய லெட் ஆசிட் பேட்டரிகள் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டம் சரியில்லை என்றால் ஒரு பொறி போதும். இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ராஜ்புத் சார்ஜ் போட்ட நேரத்துக்கும் பெரிய வெடி கேட்ட நேரத்துக்கும் நடுவே இடைவெளி வேறு இருக்கிறது. 2024-ல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் காஸியின் சிதைவைக் கண்டுபிடித்தது என்று செய்தி வந்தது. என்றாலும் வெடித்தது எது என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், டெப்த் சார்ஜை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வேஷம்தான். அதில் சந்தேகமே இல்லை. முப்பது வயதை நெருங்கிய கப்பல் ஒன்று, தன்னைக் கொல்ல வந்தவனைப் பார்த்து, "நான்தான் விக்ராந்த், வா" என்று கூப்பிட்டுக்கொண்டு கடலில் தனியாக நின்றதே. டார்பிடோ வந்திருந்தால் ராஜ்புத்துக்குத்தான் வந்திருக்கும். நீர்மூழ்கி என்ன செய்யும் என்பதற்கு அதே டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி சாட்சி. டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள்.

ராஜ்புத் 1976-ல் ஓய்வு பெற்று உடைபட்டது. 1980-ல் சோவியத் யூனியனில் இருந்து அதே பெயரில் புதுக் கப்பல் வந்து, 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் அதுவும் கொடியை இறக்கியது. அந்த ஊர்க் கடற்கரைச் சாலையில் 1971 வெற்றிக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறதாம். நிஜமாகவே ஒரு ஐ.வி. போனால் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. கடைசி லாரி பழனி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கவில்லை.

"அந்த முங்குற கப்பல்ல எத்தனை பேருடா?"

"தொண்ணூறு பேருக்கு மேலப்பா. ஒருத்தரும் பொழைக்கலை."

"எத்தனை நாளைக்குக் கெளம்புனாக?"

"ஒரு மாசம்னு வச்சுக்கலாம்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "தொண்ணூறு பேரு, முப்பது நாளு, கால் கிலோ. அறுநூத்தி எழுவத்தஞ்சு கிலோ. பதிமூணரை மூட்டை." கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு ஆளு இருந்தா அரை மணி நேரத்துல ஏத்திரலாம். அந்த ஊர்லயும் எவனோ ரெண்டு பேரு ஏத்தித்தான்டா விட்டுருப்பாங்யே" என்றார். பிறகு டீக்குக் காசு கொடுக்க எழுந்து போனார்.